கல்லூரிப் பிள்ளையின் சோறும் நம் சங்கத்துக் கோரிக்கைதான்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய வட்டாரக் கூட்டத்தில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் பஞ்சப்படியைப் பற்றியும் நடவுக் கூலியைப் பற்றியும் விரிவாகப் பேசிவிட்டார்கள். அதையே நானும் திருப்பிச் சொல்லி உங்கள் நேரத்தைப் பிடிக்கப் போவதில்லை. வேறொரு விஷயம் பேச வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் யார் யார் வீட்டில் காலேஜுக்குப் போகிற பிள்ளை இருக்கிறது? கையைத் தூக்குங்கள்.

நல்லது. பாதிக் கூட்டத்துக்கு மேல் தூக்கியிருக்கிறீர்கள். என் தகப்பனார் காலத்தில் இப்படி ஒரு கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். சரி, கையை இறக்க வேண்டாம். இன்று காலையில் அந்தப் பிள்ளை என்ன சாப்பிட்டுவிட்டுப் போனது, மத்தியானம் எங்கே சாப்பிட்டது என்று தெரிந்தவர்கள் மட்டும் கையை அப்படியே வைத்திருங்கள். மற்றவர்கள் இறக்கிவிடுங்கள்.

பார்த்தீர்களா? இப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் முக்கால்வாசி தாய்மார்கள். மற்றவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. நான் மேடையில் நிற்பதால் தப்பித்தேன், அவ்வளவுதான். என் மகள் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சமீப காலம் வரை எனக்கும் தெரியாது.

எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதைச் சொல்கிறேன். நம் வட்டாரத்தில் ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். தகப்பனார் ரிங் பிரேமில் சைடர். தாயார் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். மகளுக்குக் கலைக் கல்லூரியில் காலை ஷிப்டு. ஆம், தோழர்களே, ஷிப்டு என்பது மில்லுக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதீர்கள். இருக்கிற கட்டடத்திலேயே அதிகம் பேரைச் சேர்க்க வேண்டும் என்று 2006-07 கல்வியாண்டையொட்டிப் பல அரசு கலைக் கல்லூரிகளில் ஷிப்டு முறையைக் கொண்டுவந்தார்கள். அதிகம் பேர் சேர்ந்தது நல்லதே. நம் வீட்டுப் பிள்ளைகள்தான் சேர்ந்தார்கள். ஆனால் ஷிப்டு வைத்தவர்கள் மில்லில் ஷிப்டுக்குக் கேண்டீன் வைத்ததுபோல அங்கே வைத்தார்களா?

அந்தப் பெண்ணுக்கு எட்டரை மணிக்கு வகுப்பு. ஊரிலிருந்து ஆறரை மணி பஸ். அதை விட்டால் அடுத்தது எட்டே காலுக்குத்தான். தாயார் ஆறு மணிக்கே வயலில் இறங்கிவிடுகிறார். தகப்பனார் இராத்திரி ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்து படுக்கிறார். ஒரு டம்ளர் டீயோடு பெண் பஸ் ஏறுகிறாள். வகுப்பு முடிந்து, பஸ்ஸுக்குக் காத்து, வீடு வந்து சேர மூன்று மணி. அதுதான் அன்றைக்கு முதல் சோறு. இப்படி ஒன்றரை வருஷம். ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தவள் மயங்கி விழுந்தாள். மேஜை விளிம்பில் தலை பட்டு நாலு தையல். ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்தார்கள். பன்னிரண்டு கிராம் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு கிராம். டாக்டரம்மா கெட்டிக்காரர், பக்கத்தில் நின்ற தாயார் முகத்தைப் பார்த்துவிட்டு, 'நீங்களும் கையை நீட்டுங்கள்' என்றார். தாயாருக்கு எட்டு.

அந்தத் தாயார் என்னிடம் சொன்ன வார்த்தை இது: "காலேஜுக்குப் போற புள்ளதானே தோழர், நம்மளவிட நல்லாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

நாம் எல்லோரும் அப்படித்தான் இருந்துவிட்டோம்.

இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது: இந்தியாவில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை. 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 59. தமிழ்நாட்டில் பெண்களில் நூற்றுக்கு 53 பேர். அதாவது காலேஜ் வாசலில் இரண்டு பெண்கள் கைகோத்துக்கொண்டு நடந்து வந்தால், அதில் ஒருத்தி உடம்பில் ரத்தம் போதாமல் நடக்கிறாள். அப்படி நடக்கிறவளுக்கு வகுப்பில் தூக்கம் வரும். வாத்தியார் சோம்பேறி என்பார். ஆஸ்பத்திரிக்குப் போனால் வருகைப் பதிவு குறையும். குறைந்தால் பரீட்சை எழுத அபராதம் கட்டு என்பார்கள். மில்லில் ஆப்சென்ட் போட்டுச் சம்பளம் பிடிக்கிற கதைதான்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குச் சோறு போட வேண்டும் என்று இந்த நாட்டில் முதலில் நினைத்த ஊர்களில் சென்னையும் ஒன்று. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கினார்கள். காமராஜர் 1956இல் மதிய உணவை விரிவாக்கினார். எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக்கினார். பிறகு முட்டை வந்தது. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் வந்தது. நல்லது, எந்த ஆட்சி செய்தாலும் நல்லதை நல்லது என்று சொல்வோம். ஆனால் இந்தச் சோறு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினைந்து வயதில் சோறு நிற்கிறது. பசி நிற்கிறதா? எலும்பும் சதையும் வளர்கிற வயதே அதுதானே? பதினெட்டு வயதுப் பையனுக்கு ஏழு வயதுப் பிள்ளையைவிட இரண்டு மடங்கு சோறு வேண்டும். இது எந்தத் தாய்க்கும் தெரியும். சர்க்கார் கோப்புக்குத்தான் தெரியவில்லை.

அந்தப் பெண் விழுந்த பிறகு எங்களுக்கு உறைத்தது. நானும் மில் தோழர்கள் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மாணவர் விடுதிக்குப் போனோம். எந்த ஊர், எந்த விடுதி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மேலே இருக்கிறவர்கள் அந்த வார்டன்மீதும் சமையல் செய்கிற அம்மாள்மீதும் பாய்வார்கள். அவர்கள் கொடுத்த பணத்துக்குச் சமைக்கிறவர்கள். குற்றம் அவர்கள்மீது இல்லை.

ஒரு அறையில் பதினொரு பையன்கள். தகரப் பெட்டிகளை வரிசையாக அடுக்கி அதன்மேல் புத்தகம். கட்டில் கிடையாது, பாய். கக்கூஸ் ஆறு இருந்தது. கதவு இருந்தது மூன்றுக்கு. குடிதண்ணீர்த் தொட்டி அந்தக் கக்கூஸ் சுவரை ஒட்டியே. மத்தியானச் சாம்பாரில் பருப்பைத் தேடினேன். நான் போன நேரத்தில் பாதி அறைகள் காலி. எங்கேடா எல்லோரும் என்று கேட்டேன். எங்கள் ரீலிங் தோழர் மகன் அங்கே படிக்கிறான். அவன் சொன்னான்: "இன்னிக்கு முகூர்த்தம் மாமா. கேட்டரிங் வேலைக்குப் போயிருக்காங்க. நானும் ராத்திரி போய்ட்டுதான் வந்தேன்."

கேட்டரிங் என்றால் என்ன என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுவது, இலை எடுப்பது, அண்டா கழுவுவது. வெள்ளைச் சட்டை, கையுறை கொடுத்து நிறுத்துவார்கள். விடிய விடிய வேலை. நாள் கூலியும் ஒருவேளைச் சாப்பாடும் உண்டு. "கூலிக்காகப் போறியா, சாப்பாட்டுக்காகப் போறியா?" என்று கேட்டேன். பையன் சிரித்தான். "ரெண்டுக்கும்தான் மாமா. முகூர்த்தம் இல்லாத மாசம்தான் கஷ்டம்." ஆடி, மார்கழி வந்தால் நம் பிள்ளைகள் பட்டினி என்று அர்த்தம். பஞ்சாங்கம் பார்த்துப் பசிக்கிற பிள்ளைகளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். கல்லூரி விடுதியில் ஒரு மாணவனுக்கு உணவுப் படி மாதம் 1,100 ரூபாயாக இருந்தது. 2023இல் அதை 1,500 ஆக உயர்த்தினார்கள். மாணவர்கள் வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு வந்த உயர்வு அது. முப்பதால் வகுத்துப் பாருங்கள், நாளைக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கு. மில் வாசல் டீக்கடையில் ஒருவேளை டிபனுக்கு நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள். 2025 ஜூலையில் எல்லா விடுதிகளுக்கும் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைப்பதாக அறிவித்தார்கள். சாதிப் பெயர் போனது மிகவும் சரி. வரவேற்கிறோம். பெயர்ப் பலகையை மாற்றியாயிற்று, அடுத்ததாகச் சாம்பாரையும் மாற்றுங்கள் என்கிறோம்.

மத்திய சர்க்கார் உதவித்தொகை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அப்போது டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராய் சபையில் தொழிலாளர் துறை உறுப்பினர். உங்கள் துறைக்கு உறுப்பினராக இருந்தவர்தான், ஞாபகம் வையுங்கள். ஆனால் இடையில் மத்திய சர்க்கார் தன் பங்கைச் சுருக்கி, பாரத்தை மாநிலங்களின் தலையில் ஏற்றியது. பணம் தாமதமாகி, பிள்ளைகள் கட்டணம் கட்ட முடியாமல் கல்லூரி ஆபீசில் நின்றார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, 2020 டிசம்பரில், மத்திய சர்க்கார் நூற்றுக்கு 60, மாநிலம் 40 என்று முடிவு செய்தார்கள். 2021இல் விதி போட்டார்கள். அந்த விதிப்படி விடுதியில் தங்கி பி.ஏ., பி.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைக்குப் பராமரிப்புப் படி வருஷத்துக்கு 6,000 ரூபாய். வீட்டிலிருந்து போய் வருகிற பிள்ளைக்கு 3,000. மாதத்துக்கு அல்ல, தோழர்களே, வருஷத்துக்கு. நாளைக்குப் பதினாறு ரூபாய், எட்டு ரூபாய். அதுவும் மாதாமாதம் வருகிறதா? வருஷ முடிவில் வந்தால் அதிர்ஷ்டம். பசி மட்டும் தவணை கேட்பதில்லை.

2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய். அந்த ஆயிரம் ரூபாயால் பல வீடுகளில் பெண்ணின் படிப்பு நின்றுபோகாமல் தொடர்ந்தது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. அந்தப் பணம் பிள்ளையின் வயிற்றுக்குப் போகிறதா, குழுக் கடன் தவணைக்குப் போகிறதா? சில வீடுகளில் வேறு கடைக்கும் போகிறது. யார் என்று நான் சொல்ல வேண்டாம். பின்வரிசையில் சிரிக்கிறவருக்கே தெரியும்.

இங்கே மூத்த தோழர் ஒருவர் கை தூக்குகிறார். என்ன தோழர்? "நாங்களெல்லாம் பட்டினி கிடந்து படிக்கலையா? படிக்கிற பயலுக்கு எதுக்குச் சங்கம்?" என்கிறார். நியாயமான கேள்வி. அவருக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

தோழர், மில்லில் கேண்டீன் எப்படி வந்தது? முதலாளி மனம் இரங்கி வைத்தாரா? 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் எழுத வைத்தோம். 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேண்டீன். 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி. 500 பேருக்கு மேல் என்றால் வைத்தியத்துக்கென்று தனி அறை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கக்கூஸ். குடிதண்ணீர்க் குழாய் கக்கூஸிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது வரைக்கும் அந்தச் சட்டத்தில் எழுதியிருந்தது. அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு 2025 நவம்பரில் புதிய தொகுப்புச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பற்றி இன்னொரு கூட்டத்தில் விரிவாகப் பேசுவோம். நான் கேட்பது இதுதான். கழிவுப் பஞ்சு பொறுக்குகிறவனுக்கும் உரிமை என்று நாம் எழுத வைத்த அந்தத் தண்ணீரும் கக்கூஸும் அவன் மகள் படிக்கிற இடத்தில் எங்கே? ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர் படிக்கிற கல்லூரியில் எத்தனை இடத்தில் மலிவு விலையில் சோறு கிடைக்கிறது? நாம் பட்டினி கிடந்தோம் என்பது பெருமை அல்ல, தோழர். அது நமக்கு இழைத்த அநியாயம். அநியாயத்தைப் பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்க முடியாது.

கக்கூஸ் என்றதும் சிலர் முகத்தைத் திருப்புகிறீர்கள். தாய்மார்கள் திருப்பவில்லை, கவனித்தேன். கல்லூரிக் கக்கூஸ் நாற்றமெடுத்தால், கதவு இல்லாவிட்டால், தண்ணீர் வராவிட்டால், பெண் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள்: காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. வயலில் வேலை செய்கிற நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். சிறுநீர்க் கடுப்பும் ஜுரமும் வருகிறது. மாதவிலக்கு நாட்களில் வகுப்புக்கே போவதில்லை. வருகைப் பதிவில் அது வேறு குறைகிறது. 2023 ஜனவரியில் கேரளத்தில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து மாணவர் சங்கம் இந்தக் கோரிக்கையை வைத்து, மாணவிகளுக்கு வருகைப் பதிவில் நூற்றுக்கு இரண்டு சலுகை வாங்கியது. உடனே அந்த மாநில சர்க்கார் மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் அதை விரிவாக்கியது. 75 நாள் வர வேண்டிய இடத்தில் 73 நாள் வந்தால் போதும். சின்ன விஷயம்தான். ஆனால் வாய் திறந்து கேட்டதால் கிடைத்தது. கேட்பதற்கு வெட்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்காது.

பெண் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். நம் ஊர்களில் பாதுகாப்பு என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான் ஞாபகம் வருகிறது. அது பூட்டு. மாலை ஆறு மணிக்கு விடுதிக் கதவைப் பூட்டு, போனைப் பிடுங்கு, வெளியே போனால் அப்பாவுக்குத் தகவல் சொல். மில் தோழர்களுக்கு இது புதிதா? கோவை, திண்டுக்கல், திருப்பூர் பக்கத்து மில்களில் சுமங்கலித் திட்டம் என்று சொல்லி, சின்னப் பெண்களை மில் விடுதியிலேயே அடைத்து வைத்து வேலை வாங்கினார்களே, அங்கேயும் இதே வார்த்தைதான் சொன்னார்கள். "உங்கள் பெண்ணுக்குப் பாதுகாப்பு." பூட்டு உள்ளே இருக்கிறவளைத்தான் கட்டும். வெளியே இருக்கிற அயோக்கியனைக் கட்டாது.

1998இல் சென்னையில் கல்லூரிக்கு அருகில் வம்பு செய்த கும்பலால் ஒரு மாணவி உயிரிழந்தாள். ஊரே கொதித்த பிறகு சட்டம் வந்தது. 2024 டிசம்பர் 23ஆம் தேதி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவிக்குக் கொடுமை நடந்தது. அந்தப் பெண் தைரியமாகப் புகார் கொடுத்தாள். குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை விதித்தார்கள், 30 வருஷத்துக்குக் குறையாமல். ஆனால் புகார் கொடுத்ததும் என்ன நடந்தது? முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து, புகார் கொடுத்தவளின் விவரம் ஊரெல்லாம் பரவியது. உயர் நீதிமன்றம் தலையிட்டு, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. புகார் கொடுக்கிறவளைக் காப்பாற்றத் தெரியாத இடத்தில் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்?

2013ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் பெண்களின் புகாரை விசாரிக்க உள் கமிட்டி இருக்க வேண்டும், அதற்குப் பெண்தான் தலைவராக இருக்க வேண்டும். கல்லூரிகளுக்கு 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு தனி விதி போட்டது. மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் கமிட்டியில் மூன்று மாணவர்களும் இருக்க வேண்டும், தேர்தல் நடத்தி எடுக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. உங்கள் மகள் கல்லூரியில் அந்த மூன்று பேர் யார் என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். அவளுக்குத் தெரியாவிட்டால் கமிட்டி காகிதத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே உங்கள் மில்லிலும் அந்தக் கமிட்டி எங்கே என்று கேளுங்கள். கோன் வைண்டிங்கில் வேலை செய்கிற தாய்மார்கள் என்னைப் பார்க்கிறார்கள். தெரிகிறது, தெரிகிறது.

பூட்டுக்குப் பதில் என்ன வேண்டும்? பஸ் ஸ்டாப்பிலிருந்து விடுதி வரை விளக்கு. வகுப்பு முடிகிற நேரத்துக்கு ஒரு பஸ். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். நடவுக்குப் போகிற தாய்மாருக்கும் படிக்கப் போகிற மகளுக்கும் அது பெரிய உதவி. ஆனால் காசில்லாமல் ஏறுவதற்கு முதலில் பஸ் வர வேண்டுமே! எட்டு மணிக்கு ஒரே பஸ்ஸில் மில் ஷிப்டும் காலேஜ் கூட்டமும் சேர்ந்து தொங்குகிறது. படியில் தொங்குகிற பையனை எல்லோரும் ரவுடி என்று திட்டுகிறோம். உள்ளே இடம் இருந்தால் அவன் ஏன் தொங்குகிறான்? சிலர் திமிருக்குத் தொங்குகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் விழுந்தால் போவது உயிர். திமிருக்கு அந்தத் தண்டனை இல்லை.

ராகிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி முதல் வருஷ மாணவன் நாவரசு கொல்லப்பட்டான். அவன் தகப்பனார் சென்னைப் பல்கலைக்கழகத்துத் துணைவேந்தராக இருந்தவர். துணைவேந்தர் மகனுக்கே அந்தக் கதி என்றால் சைடர் மகனுக்கு யார் இருக்கிறார்கள்? அதற்குப் பிறகு 1997இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை சிறை. 2009 முதல் நாடு முழுவதுக்கும் விதியும், இலவசத் தொலைபேசி எண்ணும் வந்தன. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 1800-180-5522. பிள்ளை முதல் வருஷம் சேர்கிறபோது தட்டும் டம்ளரும் வாங்கிக் கொடுக்கிறோமே, அதோடு இந்த எண்ணையும் ஒரு காகிதத்தில் எழ்திக் கொடுத்து அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. 2022ஆம் வருஷத்துத் தேசியக் குற்றப் பதிவேட்டில் தற்கொலைக் கணக்கைப் பார்த்தேன். மாணவர்கள் 13,044 பேர். அதே புத்தகத்தில் தினக்கூலிக்காரர்கள் 44,000க்கு மேல். அந்த வருஷம் இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலி. அப்பனும் மகனும் ஒரே புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் கிடக்கிறார்கள்.

ஹைதராபாத் பல்கலைக்கழகத்து ரோஹித் வெமுலாவின் பெயர் உங்களுக்குத் தெரியும். தாயார் தையல் மெஷின் மிதித்துக் காப்பாற்றிய பிள்ளை. சாதி ஒடுக்குமுறையை எதிர்த்து நின்றவன். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2016 ஜனவரி 17ஆம் தேதி உயிரை இழந்தான். அவன் எழுதி வைத்த கடிதத்தில் ஒரு கணக்கு இருந்தது. ஏழு மாத உதவித்தொகை வரவில்லை, 1,75,000 ரூபாய் பாக்கி, அதில் நண்பனுக்குக் கொடுக்க வேண்டிய கடனைக் கொடுத்துவிடுங்கள் என்று. மில்லில் ஏழு மாதச் சம்பளம் நிறுத்தினால் நாம் என்ன செய்வோம்? கேட்டை மறித்து உட்காருவோம். உட்காருவதற்கு ஆயிரம் பேர் இருக்கிறோம். அவன் பக்கத்தில் சில நண்பர்கள் மட்டும் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பிள்ளை பேசாமல் இருந்தால், சாப்பாட்டை ஒதுக்கினால், தூங்காமல் புரண்டால், 'படிக்கிற கொழுப்பு' என்று சொல்லாதீர்கள். "உனக்காகத்தான் இவ்வளவு கஷ்டப்படுகிறேன்" என்று தினம் சொல்லிக் காட்டாதீர்கள். அந்த வார்த்தை நமக்குப் பாசம். தோற்றுவிட்டோமோ என்று பயந்துகொண்டிருக்கிற பிள்ளைக்கு அது பாரம். பரீட்சை போனால் மறுபடி எழுதலாம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நேராகவே கேட்கலாம், கேட்பதால் கெடுதல் வராது. 14416 என்ற எண்ணிலும், 104 என்ற எண்ணிலும் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. அது பிள்ளைக்கு மட்டும் அல்ல, உங்களுக்கும்தான். 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கிற எந்த நிலையத்திலும், மனத்துயரைக் கேட்டு ஆலோசனை சொல்லத் தகுதியுள்ள ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று. நம் பிள்ளைகள் படிக்கிற கல்லூரிகளில் நியமித்தார்களா? போய்க் கேட்க வேண்டும்.

இங்கே எல்லா ஊர்க்காரர்களும், எல்லாச் சாதிக்காரர்களும் இருக்கிறீர்கள். வெளிப்படையாகவே பேசுகிறேன். விடுதிப் பிரச்னை என்றால் 'அது அவர்கள் பிள்ளைகள் தங்குகிற இடம்' என்று ஒதுங்குகிற பழக்கம் மில் தோழர்கள் சிலரிடம் இருக்கிறது. நான் போன விடுதிக்கு இரண்டு கிலோமீட்டரில் வேறு சமூகத்துப் பிள்ளைகளின் விடுதியும் இருக்கிறது. அங்கேயும் போனேன். அங்கேயும் அதே சாம்பார்தான். கக்கூஸ் கதவு மட்டும் ஒன்று கூடுதல்.

ஆகவே கமிட்டி முடிவு செய்திருப்பதைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் மில் தோழர் இரண்டு பேர், விவசாயத் தொழிலாளர் இரண்டு பேர், அதில் பாதிப் பெண்கள். பெண்கள் விடுதிக்குப் பெண் தோழர்கள் மட்டும் போவார்கள். வார்டனிடம் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதட்டுவதற்குப் போகவில்லை. சமையல் அம்மாவிடம் உட்கார்ந்து, எத்தனை பேருக்குச் சமைக்கிறீர்கள், எவ்வளவு சாமான் வருகிறது, உங்கள் சம்பளம் என்ன என்றும் கேளுங்கள். அவரும் தொழிலாளிதான். தண்ணீர், கக்கூஸ், விளக்கு, சாப்பாடு, உதவித்தொகை வந்த தேதி, இவற்றை எழுதி வர வேண்டும். மாணவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்களுக்காக நாமே பேசிவிடக் கூடாது, அவர்களுக்கு வாய் இருக்கிறது. அந்த விவரத்தை வைத்துக் கலெக்டருக்கு மகஜர். பஸ் டிப்போவுக்குத் தனி மகஜர், ஆறரைக்கும் எட்டே காலுக்கும் நடுவில் ஒரு பஸ் கேட்டு. அதில் மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து கையெழுத்துப் போடும்.

மயங்கி விழுந்த பெண் தேறி வருகிறாள். பஸ் ஸ்டாப் பக்கத்து வீட்டுத் தாயார் ஒருவர், தன் மகளுக்குக் கட்டுகிற இட்லியோடு அவளுக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறார். மகஜருக்குப் பதில் வரும்வரை ஒவ்வொரு தெருவிலும் இதை யாராவது ஒருவர் செய்ய முடியுமா என்று பாருங்கள்.

குழுவுக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் பொருளாளர் தோழரிடம் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். கிழக்கே போகிற கடைசி பஸ் ஒன்பதே முக்காலுக்கு. தூரத்து ஊர்த் தாய்மார்கள் முதலில் எழுதுங்கள்.